மரத்துச் சீனியும் மழலைப் பற்களும்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் முதுமொழி. வயது முதிர்ந்தோரைக் குறித்தே இது பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. ஆயினும், சொல்லைக் கற்றுக்கொள்ளும் பருவத்திலேயே பல்லைச் சூத்தைக்குப் பறிகொடுக்கும் குழந்தைகள் உலகெங்கும் உளர். "பாற்பல்தானே, விழுந்து முளைக்கப் போவதுதானே" என்று அதனைப் பொருட்படுத்தாது விடுவோரும் உளர். இவ்வெண்ணம் பிழையானது. பாற்பற்கள் இருபதும் பின்னர் வரவிருக்கும் நிலைப்பற்களுக்கு இடம் பிடித்துக் காத்து நிற்பவை. அவை நொந்தால் குழந்தை உண்ண மறுக்கும், உறங்க மறுக்கும், உண்ணாத, உறங்காத குழந்தையின் வளர்ச்சி குன்றும். இத்தகைய பற்களைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது இனிப்பு. ஆனால், அவ்வினிப்புக் குலத்திலேயே பிறந்த ஒரு பொருள் பல்லுக்குத் துணையாக நிற்கக்கூடும் என்று மனிதர் கண்டறிந்தனர். சைலிற்றோல் என்னும் அப்பொருளின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. வியப்பும், வெட்கமும், படிப்பினையும் கலந்த வரலாறு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜேர்மனியில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆராய்ச்சிகள் நடைபெற்றன. ஒன்று பேர்லின் நகரில் நடந்தது. அங்கே பணியாற்றிய வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், மனித வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய தமது நூலை 1890 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல்லைப் புழு அரிக்கின்றது என்று பல நாட்டு மக்களும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். மில்லரோ, வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாச்சத்தையும் சீனியையும் புளிக்கச்செய்து அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் மிளிரியைக் கரைக்கின்றது என்றும் விளக்கினார். பற்சூத்தைக்கு மூன்று பொருள்கள் கூடவேண்டும். பல், நுண்ணுயிர், இனிப்பு. இவற்றுள் ஒன்று விலகினாலும் சூத்தை உண்டாக வழியில்லை.

மற்றைய ஆராய்ச்சி வூர்ஸ்பேர்க் நகரில் நடந்தது. பின்னாளில், 1902 ஆம் ஆண்டில், நோபல் பரிசு பெற்ற எமில் பிஷர் என்னும் இரசாயன மேதை அக்காலத்தில் சீனி வகைகளின் அமைப்பை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் அவருடைய உதவியாளர் ரூடோல்ப் ஸ்ராஹெல் என்பவரும், மரத்திலிருந்து பெறப்படும் சைலோஸ் என்னும் சீனியிலிருந்து புதிய பொருள் ஒன்றை ஆக்கி, 1891 ஆம் ஆண்டில் அதனை அறிவித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸ் தேசத்திலே கப்ரியேல் பேர்த்திரான் என்பவரும் வைக்கோலிலிருந்து இதனைப் பெற்றார். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகவே சைலிற்றோல் என்ற பெயர் பிறந்தது. சீனியை ஒத்த இனிமை அதற்கு உண்டு. ஆயினும், அன்று அது ஆய்வுகூடத்துக் குடுவையில் அடங்கிய பாகாகவே இருந்தது.

நோயின் காரணத்தை ஒருவர் காட்டினார். அந்நோய்க்கு இரையாகாத இனிப்பை மற்றொருவர் ஆக்கினார். இடையே ஓரிரண்டு ஆண்டு வேறுபாடுதான். இருந்தும், இவ்விரண்டு அறிவுகளும் ஒன்றையொன்று சந்திக்க எண்பது ஆண்டுகள் சென்றன.

அந்த எண்பது ஆண்டுகளும் வீணாகக் கழிந்தன என்று சொல்வதற்கில்லை. 1924 ஆம் ஆண்டில் இலண்டனில் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர், சூத்தைப் பற்களிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதற்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். பற்சூத்தையில் முதன்மையான பங்கு வகிப்பது இதுவே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1960 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் போல் கீஸ் என்பவர் வெள்ளெலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளை வெளியிட்டார். பற்சூத்தை ஒரு பிராணியிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது என்பதும், தாயிடமிருந்து குட்டிக்கு அது செல்லக்கூடும் என்பதும் அவற்றால் விளங்கின. குழந்தையின் பல்லைக் காக்க விரும்புவோர் தாயின் வாயையும் நோக்கவேண்டும் என்ற உண்மைக்கு இங்கேதான் வித்திடப்பட்டது.

இக்காலத்திலேயே மனித அறிவுக்கு மாசு சேர்த்த நிகழ்ச்சி ஒன்றும் நடைபெற்றது. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரை அடுத்த விப்பெஹோல்ம் என்னும் இல்லத்தில், மனவளர்ச்சி குன்றியோர் பலர் அரசாங்கப் பராமரிப்பில் வாழ்ந்தனர். 1945 ஆம் ஆண்டு தொடங்கிய பல்லாய்வு ஒன்றுக்கு அவர்கள் உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் சிலருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொபி நாள்தோறும் பல தடவை கொடுக்கப்பட்டது. பலருடைய பற்கள் பாழாயின. சம்மதம் தெரிவிக்கவோ, மறுக்கவோ அவர்களால் இயலவில்லை. எவ்வளவு இனிப்பு உண்கின்றோம் என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை உண்கின்றோம், அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கின்றது என்பவையே முக்கியமானவை என்னும் உண்மை 1954 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வினால் உறுதியாயிற்று. குழந்தைகளுக்குச் சனிக்கிழமையில் மட்டும் இனிப்புக் கொடுக்கும் வழக்கம் சுவீடனில் வேரூன்றியதும் இதன் விளைவே. அந்த அறிவின் பயனை உலகம் அனுபவிக்கின்றது. அதன் விலையைக் கொடுத்தவர்களோ வாய்பேச இயலாத ஏழைகள். இதனை மறந்து பல்லின் வரலாற்றை எழுதுதல் முறையன்று.

இரண்டு அறிவுகளும் இறுதியிற் சந்தித்த இடம் பின்லாந்தின் துர்க்கு நகரம். பேர்ச் மரங்கள் மலிந்த நாடு அது. துர்க்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்யே ஷைனின், கௌக்கோ மாக்கினென் என்னும் அறிஞர்கள் 1972 ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினர். தாமாகவே முன்வந்த 125 பேர் மூன்று பிரிவினராயினர். ஒரு பிரிவினர் வழக்கமான சீனியையும், இரண்டாம் பிரிவினர் பழச்சீனியையும், மூன்றாம் பிரிவினர் சைலிற்றோலையும் தம் உணவில் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தினர். ஈராண்டு முடிவிற் புதிதாகப் பழுதுற்ற பற்பரப்புகளின் சராசரி எண்ணிக்கை, சீனி உண்டோரிடத்து 7.2, பழச்சீனி உண்டோரிடத்து 3.8; சைலிற்றோல் உண்டோரிடத்து 0.0. 1975 ஆம் ஆண்டில் இம்முடிவுகள் முழுமையாக வெளிவந்தன. அதே ஆண்டில் சைலிற்றோல் சேர்ந்த சூயிங்கமும் பின்லாந்தின் கடைகளுக்கு வந்தது.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? சாதாரண சீனியை உட்கொள்ளும் நுண்ணுயிர் அதனை அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றது. சைலிற்றோலோ ஐந்து காபன் அணுக்களைக் கொண்ட சீனி அற்ககோல். மியூட்டன்ஸ் நுண்ணுயிர் அதனைச் சீனியென்று மயங்கி உள்ளே இழுத்துக்கொள்கின்றது. ஆனால், அதனைச் செரித்துப் பயன்பெற அதனால் முடிவதில்லை. இழுத்ததை வெளியே தள்ளுவதிலேயே அதன் ஆற்றல் வீணாகின்றது. பதரை நெல்லென்று எண்ணிக் குத்திக் களைத்தவனின் நிலைக்கு இதனை ஒப்பிடலாம். அமிலம் உண்டாவதில்லை, நுண்ணுயிரின் பெருக்கமும் தளர்கின்றது. மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீரும் பல்லைக் கழுவிக் காக்கின்றது.

துர்க்கு ஆய்விற் பங்குபற்றியோர் வளர்ந்தவர்கள். அடுத்து, பள்ளிப் பிள்ளைகள்மீது ஆராய்ச்சியாளரின் கவனம் சென்றது. 1982 ஆம் ஆண்டு முதல் 1984 ஆம் ஆண்டு வரை பின்லாந்தின் யூலிவியெஸ்கா என்னும் ஊரில் 11, 12 வயதுப் பிள்ளைகள் சைலிற்றோல் சூயிங்கம் மென்றனர். அவர்களிடத்துச் சூத்தை குறைந்தது. மத்திய அமெரிக்காவின் பெலீசு நாட்டில் 1989 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்று 40 மாதங்கள் நீடித்தது. ஏறக்குறையப் பத்து வயதுடைய 1277 பிள்ளைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். முழுவதும் சைலிற்றோலால் இனிப்பூட்டிய சூயிங்கமே மிகுந்த பயன் தந்தது என 1995 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் கூறின.

ஆனால், சூத்தையின் கொடுமைக்கு முதலில் ஆளாவது அவர்களினும் சிறிய குழந்தை. சூயிங்கத்தை அதன் கையிற் கொடுத்தல் தகாது; தொண்டையிற் சிக்கி மூச்சை அடைத்துவிடும். மெல்லத் தெரியாத குழந்தையை மெல்லும் மருந்தினாற் காப்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு யூலிவியெஸ்காவின் தாய்மார் ஒரு விடையளித்தனர்.

உமிழ்நீரில் மியூட்டன்ஸ் நுண்ணுயிர் மிகுதியாக இருந்த 195 தாய்மார் அந்த ஆய்வில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினர், பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆனது முதல் அதற்கு இரண்டு வயது நிறையும்வரை சைலிற்றோல் சூயிங்கத்தைத் தாமே மென்றனர். ஏனைய இரு பிரிவினரின் பற்களுக்குக் குளோரெக்சிடின் பூச்சும் புளோரைட்டுப் பூச்சும் முறையே இடப்பட்டன. குழந்தைகளுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. கஞ்சியின் சூட்டைத் தாய் தன் நாவிற் பதம் பார்த்து, அதே கரண்டியாற் குழந்தைக்கு ஊட்டுவது எந்நாட்டுக்கும் பொதுவான அன்புச் செயல். அந்த அன்பின் வழியாகவே நுண்ணுயிரும் குடிபெயர்கின்றது. இரண்டு வயதிற் குழந்தைகளைச் சோதித்தபோது, புளோரைட்டுப் பிரிவில் 48.5 சதவீதத்தினரிடத்தும், குளோரெக்சிடின் பிரிவில் 28.6 சதவீதத்தினரிடத்தும் அந்நுண்ணுயிர் காணப்பட்டது. சைலிற்றோல் மென்ற தாய்மாரின் குழந்தைகளுள் 9.7 சதவீதத்தினரிடத்தே அது இருந்தது. ஐந்து வயதில் அக்குழந்தைகளின் பற்சூத்தை, ஏனைய பிரிவினரோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைவாக இருந்தது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின.

வேறொரு விடை பசிபிக் சமுத்திரத்தின் மார்ஷல் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே 9 முதல் 15 மாதம் வரை வயதுடைய 94 குழந்தைகளுக்குச் சைலிற்றோல் பாகாகக் கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 8 கிராமை இரண்டு வேளையாகப் பெற்ற குழந்தைகளுள் 24.2 சதவீதத்தினருக்கும், மூன்று வேளையாகப் பெற்றவர்களுள் 40.6 சதவீதத்தினருக்கும் சூத்தை ஏற்பட்டது. ஒப்பீட்டுக்காக மிகக் குறைந்த அளவே பெற்ற பிரிவில் 51.7 சதவீதத்தினர் சூத்தைக்கு ஆளாயினர். இது 2009 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இவ்வளவில் வரலாற்றை முடித்துவிட்டால் சைலிற்றோல் ஓர் அமுதம் என்று தோன்றும். ஆனால், விஞ்ஞானம் தன் வெற்றியையும் ஐயத்தோடு நோக்கும் இயல்புடையது. சுவீடனில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குச் சிறிதளவு சைலிற்றோல் மாத்திரையாகக் கொடுத்து நடத்திய ஆய்வொன்று 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிற் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. 2015 ஆம் ஆண்டில் கொக்கிரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, 5903 பேர் பங்குபற்றிய 10 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தது. புளோரைட்டும் சைலிற்றோலும் சேர்ந்த பற்பசை, புளோரைட்டு மட்டும் உள்ள பற்பசையைவிடப் பிள்ளைகளின் நிலைப்பற்களிற் சூத்தையை 13 சதவீதம் குறைக்கக்கூடும் என்றும், அதற்குரிய சான்றும் வலுக்குறைந்ததே என்றும் அது கூறியது. பாகு, மாத்திரை, சூயிங்கம் முதலியவற்றைப் பற்றித் தீர்மானமாக எதையும் சொல்வதற்குச் சான்று போதாது என்பதே அதன் முடிவு.

எனவே, சைலிற்றோலை ஒரு துணையென்று கொள்ளலாமேயன்றித் தூணென்று கொள்ளலாகாது. அளவு மீறினால் அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வீட்டு நாய் அதனை உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் நாய்க்கு எட்டாத இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். குழந்தைக்குக் கொடுக்க விரும்புவோர் பல் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. முதற்பல் முளைத்த நாள் முதல் அதனைத் துலக்குதல், புளோரைட்டுப் பற்பசையை வயதுக்கேற்ற சிறு அளவிற் பயன்படுத்துதல், இனிப்பூட்டிய பாற்போத்தலை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடாதிருத்தல், இடையிடையே இனிப்புக் கொடுக்கும் வழக்கத்தைக் குறைத்தல் ஆகிய இவையே தூண்கள்.

பேர்லினிலும் வூர்ஸ்பேர்க்கிலும் தனித்தனியே பிறந்த இரண்டு அறிவுகள் ஒன்றுசேர எண்பது ஆண்டுகள் சென்றன. அவை ஒன்றுசேர்ந்த பின்னரும், வளர்ந்தோரிடமிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களிடமிருந்து தாய்மாருக்கும், தாய்மாரிடமிருந்து தொட்டிற் குழந்தைக்கும் அறிவு படிப்படியாகவே இறங்கி வந்தது. இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் மரத்துச் சீனியைப் பற்றியது மட்டுமன்று. குழந்தையின் பல் குழந்தையின் வாயில் மட்டும் இல்லை; ஊட்டுகின்ற தாயின் வாயிலும், வீட்டார் கொடுக்கும் இனிப்பிலும், இரவிற் கழுவாமல் விடும் சோம்பலிலும் அதன் விதி அடங்கியிருக்கின்றது. தாய் தன் பல்லைக் காத்தால் அது பிள்ளைக்கும் காப்பாகும். சொல் பழகும் சின்னஞ்சிறு வாய் நோவின்றிச் சிரிக்கவேண்டுமாயின், பெரியோர் தம் வாயிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.