துளை வழியே ஒரு முடிச்சு – 7

கீல் நகரில் கூர்ட் செம்மின் மூளையைப் படம்பிடித்தார்கள் என்று சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். படத்தில் கோளாறு எதுவும் இல்லை. வயிற்றைத் திறக்காமல் துளை போட்டு அறுவை செய்ய நினைப்பவருக்கு மூளை கெட்டிருக்க வேண்டும் என்று உடன் பணிபுரிந்தவர்களே நம்பிய காலம் அது. மகப்பேறு மருத்துவரான செம், 1980 செப்டம்பரில் ஒரு குடல்வாலை முழுக்க லேப்ராஸ்கோப்பியிலேயே அகற்றினார். ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவர் அவரைத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

செம் உருவாக்கிய கருவிகள் பல. அவற்றுள் பெரிய கொடை என்று நான் கருதுவது ஒரு முடிச்சைத்தான். டான்சில் அறுவையில் ரோடர் என்பவர் கையாண்ட சுருக்கை அவர் வயிற்றுக்குள் கொண்டுபோனார். முடிச்சை வெளியே போட்டு, மெல்லிய தள்ளுகோலால் உள்ளே நகர்த்தி இறுக்குவது. கை நுழையாத இடத்திலும் நூல் கட்டலாம் என்றாகிவிட்டது.

1991. பிரான்சில் பெர்னார் தெலெத்ரும் அவருடைய சகாவும் லேப்ராஸ்கோப்பியில் மண்ணீரலை அகற்றிய செய்தி வெளிவந்தது. குடல்வால் எங்கே, மண்ணீரல் எங்கே! கனிந்த பப்பாளியைப்போல் தொட்டால் கிழியும் உறுப்பு. உரசினாலே ரத்தம் கொட்டும். பக்கத்திலேயே கணையத்தின் வால். வசதியான மருத்துவமனைகள் ஸ்டேப்ளரை வைத்து ரத்தக்குழாய்களை ஒரே அழுத்தில் அடைத்து வெட்டின. ஸ்டேப்ளரில் பொருத்தி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் தோட்டாக்களை வாங்கப் பணமில்லாத மருத்துவமனைகள்? அங்கே கைகொடுத்தது நூல்தான்.

அப்படி ஓர் அறுவை அறைக்குள் போவோம். நோயாளியின் ரத்தத் தட்டணுக்களை அவர் மண்ணீரலே அழித்துக்கொண்டிருக்கிறது. வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மேலே உதரவிதானத்தோடு பிணைக்கும் தசைநார்களை வெட்டாமல் விட்டிருப்பதால் மண்ணீரல் தானே தொங்குகிறது, பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி வேண்டியதில்லை. நூல் உள்ளே போய்த் தமனியைச் சுற்றி வளைகிறது. இரு முனைகளும் அதே துளை வழியே வெளியே வருகின்றன. முடிச்சு விழுகிறது, தள்ளுகோல் அதை உள்ளே செலுத்துகிறது. தமனிக்குத்தான் முதல் கட்டு. சிரையை முந்திக் கட்டினால் வெளியேற வழியில்லாத ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கிவிடும். தமனி இறுகியதும் மண்ணீரலின் நிறம் கறுக்கிறது, அது சுருங்குகிறது, உள்ளிருந்த ரத்தம் சிரை வழியே நோயாளிக்கே திரும்புகிறது. பிறகு சிரை. உடலோடு இருக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டு. கடைசியாகத் தசைநார்கள்.

மண்ணீரல் தனியே கிடக்கிறது. நீளம் சுமார் 11 செ.மீ. வாசலோ 1 செ.மீ. உள்ளேயே நொறுக்கினால் சிதறும் துணுக்குகள் வயிற்றுக்குள் வேர்பிடித்து, மீண்டும் தட்டணுக்களைத் தின்னத் தொடங்கலாம். ஒரு பைக்குள் இட்டு நொறுக்கலாம். அதற்கென விற்கும் பை இங்கே இல்லை.

செவிலியர் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து, அதில் படிந்திருந்த மாவை உப்புநீரில் கழுவத் தொடங்கினார். எல்லா அறுவை அறைகளிலும் இருக்கும் பொருள். எது அது?

(தொடரும்)