கடனாக வந்த காப்பு

ஆணி குத்தினா 'டி.டி. போட்டாச்சா?'ன்னு கேட்கிறோம். அந்தத் தடுப்பூசிக்கு முன்னாடியே வேறொரு ஊசி இருந்தது. ரணஜன்னி நஞ்சைத் தாங்கப் பழகிய முயலின் சீரம் எலிகளைக் காப்பாற்றும் என்று 1890-இல் பெர்லினில் பெரிங்கும் கிடசாட்டோவும் காட்டினார்கள். முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் குதிரைச் சீரம் போட ஆரம்பித்ததும் ரணஜன்னி வெகுவாகக் குறைந்தது. ஆனா குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கல: காய்ச்சல், தடிப்பு, அபூர்வமாக உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் 1960-களில் மனித ரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலின் வந்தது. தடுப்பூசி முழுசாகப் போடாதவருக்கு அழுக்கான காயம் பட்டால், வழக்கமாக 250 யூனிட் தசையில் போடுவார்கள். கூடவே தடுப்பூசியும், வேறு சிரிஞ்சில், வேறு இடத்தில். ஏன் ரெண்டு? முதலாவது கடன், சில வாரங்களில் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் உடம்பின் சொந்தச் சம்பாத்தியம். அடுத்த தவணைத் தடுப்பூசியை விட்டுடாதீங்க.