மலைக்கு அப்பால் ஒரு தொலைக்காட்சி

விலைபோகாத பெட்டிகளிலிருந்து ஒரு பெருந்தொழில் பிறந்த வரலாறு இது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கிடையே மஹனாய் சிட்டி என்னும் சிற்றூர் உள்ளது. 1948இல், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிலடெல்பியாவில் மூன்று தொலைக்காட்சி நிலையங்கள் இயங்கின. ஆயினும் அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் இயல்பின. குறுக்கே நின்ற மலைகள் அவற்றை மறித்தன. அருகில் புதிய நிலையம் எழவும் வழியில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய உரிமங்கள் வழங்குவதை நிறுத்திய அரசு, 1952இல்தான் அத்தடையை நீக்கியது.

அவ்வூரில் ஜான் வால்சன் என்பவர் மின்கம்பிப் பணியாளராக இருந்தார். தம் மனைவி மார்கரெட்டுடன் மின்சாதனக் கடையும் நடத்தினார். படமே தெரியாத பெட்டியை யார் வாங்குவர்? வால்சன் மலையுச்சியில் வானலை வாங்கியை நட்டார். வாடிக்கையாளரை அங்கு அழைத்துச் சென்று படம் காட்டினார். அஃது அலுத்துப் போகவே, மலையிலிருந்து கடைவரை கம்பி இழுத்தார். வழியிலிருந்த வீடுகளுக்கும் இணைப்புத் தந்தார். சர்வீஸ் எலக்ட்ரிக் என்னும் நிறுவனம் இவ்வாறு தோன்றியதாக அவரே கூறியுள்ளார்.

எப்பொழுது? 1948 ஜூன் என்றார் அவர். ஆனால் பழைய கணக்கேடுகள் 1952இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன என்பர். 1979இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவரை இத்தொழிலின் தந்தையென ஏற்றது. ஆராய்ச்சியாளர் சிலரோ 1950ஐ ஒட்டியே தொடங்கியிருக்கலாம் என ஐயுறுகின்றனர். ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்பவர் 1948 நவம்பரில் சியாட்டில் நிலையத்தின் படத்தைப் பெற்றார். ஏடு எரிந்தமையால் வால்சன் பொய்யுரைத்தார் என்றல் முறையன்று. எரிந்த ஏட்டைச் சான்றாகக் கொள்வதும் முறையன்று. பாராட்டுத் தீர்மானம் சான்றாகுமா? ஆகாது என்பதே என் கருத்து.

இதே நிறுவனத்தின் மற்றொரு நாளைப் பற்றி இத்தகைய ஐயமில்லை. 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் வெள்ளத்தில் வில்க்ஸ்-பாரி நகரம் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, தனிக் கட்டணம் பெறும் ஹோம் பாக்ஸ் ஆபீஸ் தன் ஒளிபரப்பை அந்நகரில், சர்வீஸ் எலக்ட்ரிக் கம்பிகளின் வழியே தொடங்கியது. முதற்காட்சி நியூயார்க்கில் நடந்த பனி ஹாக்கி ஆட்டம்; அதன்பின் ஒரு திரைப்படம். அன்று அதற்குச் சந்தா செலுத்தியிருந்தோர் 365 பேர்.