மின்வெட்டும் பெயரிழந்த கோப்புகளும்

2001 இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, இலங்கை முழுவதும் மின்வெட்டு அமுலுக்கு வந்தது. கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவர் நிறுவித் தந்த லினக்ஸ் கணினியில், வெள்ளவத்தை வீட்டிலிருந்து நான் கட்டுரைகள் எழுதிவந்த காலம் அது.

மின்சாரம் மீண்டதும் திரையில் ஆங்கில வரிகள் ஓடும். 'ஒழுங்காக மூடப்படவில்லை, சோதனை கட்டாயம்' என்பது அச்சத்திற்குரியதன்று. நினைவகத்தில் இருந்தவை வன்தட்டை அடையுமுன் மின்சாரம் நின்றது என்பதே பொருள். 'எதிர்பாராத முரண்பாடு, சோதனையை நீங்களே இயக்குக' என்று கூறிக் கணினி நின்றுவிட்டாலோ நெஞ்சு பதறும்.

இந்த எஃப்எஸ்சிகே நிரலை யுனிக்ஸுக்காக முதலில் எழுதியவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ரெட் கோவால்ஸ்கி. லினக்ஸின் எக்ஸ்ட்2 முறைமைக்கு அதனை ஆக்கியவர் தியோடர் சோ. அது சீராக்குவது வன்தட்டின் கணக்கை மாத்திரமே. நம் எழுத்தை அன்று. இதனை அறியாமல் ஒருநாள் எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்றேன். 1883 கொட்டாஞ்சேனைக் கலவரம் பற்றிய கட்டுரை காணாமற் போயிற்று!

கோப்பின் பெயர் அடைவிலும் உள்ளடக்கம் வேறிடத்திலும் இருப்பதால், பெயரிழந்தவற்றை எண்ணிட்டு 'லொஸ்ட் பவுண்ட்' என்னும் அடைவில் சேர்த்துவிடுகிறது நிரல். அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். கட்டுரையின் முற்பாதி கிடைத்தது. பிற்பாதியைத் திரும்ப எழுதினேன்.

எக்ஸ்ட்3 முறைமை 2001 நவம்பரில் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு அதில் உண்டு. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளின்போது, 'பதிவேடு மீட்கப்படுகிறது' என்ற ஒரு வரியோடு என் கணினி எழுந்துகொண்டது.