ஜெயிக்கிற ஜோடி எது? எல்கைப் பந்தயத்துலேருந்து கிண்டி வழக்கு வரைக்கும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஆத்தங்குடி. பூக்கல்லுன்னு சொன்னா சட்டுன்னு தெரியும், உங்க இன்ஸ்டாகிராம்ல வர்ற பாதி காபி ஷாப்போட தரை எங்க ஊர்ல செஞ்சதுதான். ஆனா இன்னைக்குப் பேசப்போறது கல்லைப் பத்தி இல்ல. பந்தயத்தைப் பத்தி.

பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா. மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். பெரிய மாட்டுக்குப் போகவர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல். இன்னமும் மைல் கணக்குதான், கிலோமீட்டர் எல்லாம் நோட்டீஸ்ல ஏறாது. ஜோடிகள் ஊர்லேருந்து கிளம்பி, ரோட்டுல குறிச்சு வச்சிருக்கிற எல்கையைத் தொட்டுத் திரும்பி வரணும்.

காலையில ஆறரைக்கு டீக்கடை. எங்க மாமா அங்க உக்காந்து ஒவ்வொரு ஜோடியா அலசிக்கிட்டு இருக்காரு. நான் ஒரு வெள்ளைக் காளை ஜோடியைக் காட்டி, "மாமா, அது செம்மையா இருக்கே, அதுதானே?"ன்னு கேட்டேன்.

"மாப்ளே, மாட்டைப் பாக்காத. ஜோடியைப் பாரு. அதுல இடப்பக்கம் நிக்கிற மாடு எப்பவும் வலப்பக்கம் ஓடுனது. மாத்திக் கட்டிருக்காங்க. எல்கையில திரும்புறப்ப முழிக்கும்."

அடுத்து ஒரு செவலை ஜோடி. "நேத்து வேற ஊர்ல ஓடிட்டு ராத்திரி லாரியில வந்துருக்கு. படுக்கக்கூட இல்ல. பாதி தூரம் நல்லா வரும்." இன்னொண்ணு: "மாடு நல்ல மாடு. சாரதிக்குப் பொறுமை இல்ல. போறப்பவே எல்லாத்தையும் எடுத்துருவான், வர்றப்ப ஒண்ணும் இருக்காது." கடைசியா ஒரு மயிலை ஜோடியைக் கைகாட்டினாரு. "இதுதான் முதல். அந்தக் கறுப்பு ஜோடி ரெண்டு, மூணுக்குள்ள வரும்."

நான் டேட்டாவோட வேலை செய்யறவன். மாமா சொன்னதை எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டுல போட்டா பழைய ஓட்டம், ஓய்வு, சாரதி, பாதைன்னு நாலு காலம் வரும். உலகம் முழுக்கப் பந்தயத்துக்கு முந்தின நாள் பேப்பர்ல வர்ற அலசல் இதே நாலு காலம்தான். மாமாவுக்கு ஷீட் தேவைப்படல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கேள்விக்கு வருவோம். எந்த மாடு, எந்தக் குதிரை ஜெயிக்கும்னு முன்கூட்டிச் சொல்றது திறமையா, அதிர்ஷ்டமா? டீக்கடைக் கேள்வி மாதிரி இருக்கா? இந்த ஒரு கேள்வி மேல நம்ம மாநிலத்துல கிட்டத்தட்ட 22 வருஷம் சண்டை ஓடியிருக்கு. அதோட முடிவு இப்ப உங்க போன் வரைக்கும் வந்து நிக்குது.

கோபுரத்துலேருந்து கோபுரத்துக்கு

முதல்ல அயர்லாந்துக்குப் போவோம். 1752ல, கார்க் பகுதியில ரெண்டு பேருக்குள்ள ஒரு பந்தயம். பட்டிவென்ட்ங்கற ஊர்ச் சர்ச்சுலேருந்து டோனரைல்ங்கற ஊர்ச் சர்ச்சு வரைக்கும் குதிரையில யாரு முதல்ல போறது? சுமார் நாலரை மைல். நடுவுல பாதை கிடையாது. வேலி, பள்ளம், கல்சுவர் எது வந்தாலும் தாண்டணும். தூரத்துல தெரியற சர்ச் கோபுரம்தான் குறி. கோபுரத்துக்கு இங்கிலீஷ்ல 'ஸ்டீப்பிள்'. அதனாலதான் தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு 'ஸ்டீப்பிள்சேஸ்'னு பேரு. ஊருக்கு ஊர் எல்கை, நடுவுல என்ன இருந்தாலும் உன் பாடு. நம்ம ஊர் ஆளுக்குச் சட்டுன்னு புரியற பந்தயம்.

இதுல பெரியது இங்கிலாந்தோட கிராண்ட் நேஷனல். 1839லேருந்து எய்ன்ட்ரீயில நடக்குது. நாலு மைலுக்கு மேல ஓட்டம், 30 தடை. திறமையா அதிர்ஷ்டமான்னு கேட்டா, இதோட வரலாறு ரெண்டு பக்கமும் சாட்சி சொல்லும்.

1967ல 44 குதிரை ஓடுச்சு. 23ஆவது தடை, இருக்கறதுல சின்ன தடைகள்ல ஒண்ணு. ஆள் இல்லாம ஓடிக்கிட்டிருந்த ஒரு குதிரை குறுக்க திரும்ப, பின்னாடி வந்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மோதி நின்னுருச்சு. ரொம்பப் பின்னாடி வந்த ஃபொய்னவன்ங்கற குதிரைக்கு மட்டும் சந்து கிடைச்சது. தாண்டிப் போய் ஜெயிச்சுருச்சு. அதுக்கு விலை ஒண்ணுக்கு நூறு. அது ஜெயிக்கும்னு உரிமையாளரே நம்பல, அன்னைக்கு அவர் மைதானத்துக்கே வரல.

இப்ப மறுபக்கம். ரெட் ரம்னு ஒரு குதிரை. 1973ல முதல், 1974ல முதல், 1975லயும் 1976லயும் ரெண்டாவது, 1977ல திரும்ப முதல். அஞ்சு வருஷம் அதே 30 தடை. இதை அதிர்ஷ்டம்னு யாரும் சொல்ல முடியாது.

அப்ப ரெண்டும் இருக்கு. எது எவ்வளவு? சட்டம் மாட்டிக்கிட்டது இங்கதான்.

கிண்டி

மெட்ராஸ் கிண்டியில 1777லேருந்து குதிரை ஓடுதுன்னு சொல்லுவாங்க. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல கம்பெனியாப் பதிவாச்சு. அதோட நோக்கங்கள்ல குதிரைப் பந்தயத்தோட ஸ்டீப்பிள்சேஸும் இருந்தது.

எங்க ஏரியாவுக்கும் கிண்டிக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. ஆத்தங்குடியிலேருந்து கொஞ்ச தூரத்துல கானாடுகாத்தான் அரண்மனை. அந்தச் செட்டிநாட்டு ராஜா குடும்பத்து எம்.ஏ.எம். ராமசாமி, இந்தியாவோட பெரிய பந்தயக் குதிரை உரிமையாளர்கள்ல ஒருத்தர். ரேஸ் கிளப்புக்குப் பல வருஷம் தலைவரா இருந்தவர். 2015ல காலமானார்.

அந்தக் காலத்துச் சட்டம் சுவாரசியமானது. சூதாட்டம் குற்றம். ஆனா குதிரைப் பந்தயத்துல பணம் கட்டறதுக்கு மட்டும் விலக்கு, ரெண்டு நிபந்தனையோட: பந்தயம் நடக்கிற அதே நாள்ல கட்டணும், மைதானத்துக்குள்ள அரசு அனுமதிச்ச இடத்துல கட்டணும். அதாவது, பணம் கட்டறவன் அன்னைக்கு அந்த இடத்துல நேர்ல நிக்கணும். இந்தப் பாயிண்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

1974ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்து, அந்த விலக்கை எடுத்துருச்சு. காரணம் புரியாம இல்ல, பந்தயத்துல குடும்பம் அழிஞ்ச கதை எல்லா ஊர்லயும் இருக்கு. ஆனா 1968லயே இதே அரசு லாட்டரிச் சீட்டு ஆரம்பிச்சுருச்சு. லாட்டரியில அலச என்ன இருக்கு? நூத்துக்கு நூறு அதிர்ஷ்டம். அதை அரசே வித்துச்சு. கொஞ்சமாவது மூளை வேலை செய்யற பந்தயத்தைத் தடை பண்ணுச்சு. லாட்டரி தமிழ்நாட்டுல நின்னது 2003லதான்.

கிளப் கோர்ட்டுக்குப் போச்சு. 1986ல அரசு அடுத்த கட்டமா, கிளப்பையே எடுத்துக்கற சட்டம் போட்டுச்சு. அதை எதிர்த்த டாக்டர் கே.ஆர். லட்சுமணன் பேர்லதான் இந்த வழக்கு இன்னைக்கும் சட்டப் புத்தகங்கள்ல இருக்கு. 1996 ஜனவரியில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது. குதிரையோட வேகம், தாங்குற சக்தி, பயிற்சி, ஜாக்கியோட திறன் இதெல்லாம்தான் பந்தயத்தைத் தீர்மானிக்குது. அதிர்ஷ்டம் உண்டு, ஆனா திறமைதான் மேலோங்கி நிக்குது. அதனால இது சூதாட்டச் சட்டத்துக்குள்ள வராது. 1986 சட்டமும் ரத்து.

மாமாவோட டீக்கடை அலசலுக்கு நாட்டோட பெரிய கோர்ட்டே முத்திரை குத்தின மாதிரி.

கேக்காம விட்ட கேள்வி

இதுக்கப்புறம் நடந்ததை நம்ம தலைமுறை நேர்ல பார்த்திருக்கு. 'திறமை விளையாட்டு'ங்கற வார்த்தை குதிரையை விட்டு இறங்கி போனுக்குள்ள ஏறுச்சு. 2021ல ஆன்லைன் ரம்மியைத் தடை பண்ணின தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அடுத்து வந்த சட்டத்துலயும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுன்னு சேர்த்த பகுதி 2023 நவம்பர்ல விழுந்துச்சு. ரெண்டு வாதத்துலயும் 1996 தீர்ப்போட நிழல் இருந்தது.

இப்ப என் மச்சானைப் பத்திச் சொல்லணும், மாமாவோட பையன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவன் பூக்கல் பட்டறையில வேலை பாக்குறான். கண்ணாடி மேல அச்சை வச்சு, வண்ணச் சிமெண்டைக் கண் அளவுல ஊத்தணும். பூ கீழ்ப்பக்கம் இருக்கும். கண்ணாடியை விட்டு எடுத்தாத்தான் கோடு கலங்கிருக்கா இல்லையான்னு தெரியும். கை அவ்வளவு சுத்தம். பந்தயத்துலயும் அப்பனை மிஞ்சினவன், மாடு நடந்து வர்றதை வச்சே கால் நோவு சொல்லுவான். அவங்க ரெண்டு பேரும் பணம் கட்டுனதில்ல. தோத்தவர் டீ வாங்கித் தரணும், அவ்வளவுதான்.

அவன் போன்ல ஒரு கிரிக்கெட் ஆப் ஆடினான். பேர் வேண்டாம். "மச்சான், இது சூது இல்லடா, திறமை விளையாட்டு. கோர்ட்டே சொல்லிருக்கு"ன்னு எனக்கே விளக்கினான். 49 ரூபாய்ல ஆரம்பிச்சது ஒன்றரை வருஷத்துல 2 லட்சத்து 10 ஆயிரம் கடன்ல நின்னுச்சு. எனக்கு அப்பவே சந்தேகம் இருந்தது. இருந்தும் தலையாட்டிட்டு வந்தேன். அது என் தப்பு.

அவன் சொன்ன சட்டம் தப்பில்ல. கோர்ட் கேட்ட கேள்வி: இந்த விளையாட்டுல திறமை இருக்கா? பதில், இருக்கு. ஆனா காசு போடறவன் கேக்க வேண்டிய கேள்வி வேற: அந்தத் திறமை எதிர்ல இருக்கறவனைவிட என்கிட்ட அதிகமா இருக்கா?

ஒரு கணக்குப் பாருங்க. 100 பேர், ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 10,000. நடத்தறவர் 20 சதவீதம் எடுத்துக்கிட்டா மிச்சம் 8,000. இப்ப சராசரி ஆளைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனா இருந்தாக்கூட நீங்க தோக்கறீங்க. அந்த 2,000 ரூபாய்ப் பள்ளத்தைத் தாண்டற அளவுக்குக் கெட்டிக்காரனா இருக்கணும். எதிர்ல இருக்கறவங்கள்ல சில பேரு என்னை மாதிரி ஆளுங்க, மாடல் எழுதி ஒரே நேரத்துல நூறு டீம் இறக்கறவங்க. மச்சான் தனி ஆளு, ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம்.

பழைய சட்டம் ஆளை மைதானத்துக்குள்ள நிக்க வச்சுச்சு. அங்க நின்னா யாரு தோத்து வெளிய போறான்னாவது கண்ணுல படும். பந்தயம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிரலாம். போன்ல மைதானமும் இல்ல, சாயங்காலமும் இல்ல. மச்சானோட அறிவு மாட்டுக்குப் பக்கத்துல நின்னு வந்தது. அந்த நம்பிக்கையை அப்படியே ஸ்கிரீனுக்கு எடுத்துட்டுப் போயிட்டான், அறிவு கூட வரல.

2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு, திறமையா அதிர்ஷ்டமாங்கற கேள்வியையே தள்ளி வச்சுட்டு, பணம் வச்சு ஆடற எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை பண்ற சட்டம் போட்டுச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2024 செப்டம்பர்ல, தமிழ்நாடு அரசு கிண்டியில ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்த 160 ஏக்கர் சொச்சத்தைத் திரும்ப எடுத்து சீல் வச்சுச்சு. அது திறமை பத்தின சண்டை இல்ல, வாடகை பாக்கிச் சண்டை.

சரி, யார் ஜெயிச்சா?

மாமா சொன்ன மாதிரியே வெள்ளை ஜோடி எல்கையில திரும்ப முடியாம நின்னுருச்சு. செவலை பாதியில தளர்ந்துருச்சு. மயிலை ஜோடி கடைசி அரை மைல் வரைக்கும் முதல்ல வந்து, கறுப்பு ஜோடிகிட்ட ஒரு வண்டி நீளத்துல தோத்துருச்சு. நாற்பது வருஷம் மாடு பார்த்தவர் கணக்கு அவ்வளவு தூரம்தான் வந்துச்சு.

மச்சான் அன்னைக்குக் காலையிலேயே கறுப்புன்னு சொல்லியிருந்தான். மாமா டீ வாங்கிக் கொடுத்தாரு. கடன்ல இன்னும் 80 ஆயிரம் பாக்கி இருக்கு, மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கான்.

மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் கோர்ட்டுக்கும் ஒரு பெரிய கதை இருக்கு, அது தனி எபிசோட். உங்க வீட்டுல இந்த மாதிரி 'திறமை' கதை இருந்தா, முதல்ல அவங்ககூட உக்காந்து மொத்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்க. நான் ஒன்றரை வருஷம் லேட். அடுத்த வாரம் பார்ப்போம்.