பழைய பொறியில் புதிய ஆட்டம்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல வீடுகளுக்கு முதன்முதலாக வந்த கணிப்பொறி அதுதான். படிக்க வந்த பொறியில் விளையாட்டையும் ஏற்றிப் பார்த்தார்கள் நம் பிள்ளைகள். புதிய விளையாட்டுகளில் சில தத்தித் தத்தி நடந்தன. சில திறக்கவே மறுத்தன. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதலில் தத்தலைப் பார்ப்போம். அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 30 படங்களாவது வேண்டும். அப்படியானால் ஒரு படத்தை வரையக் கிடைப்பது 33 மில்லிநொடிதான். 1366×768 அளவுள்ள திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. 640×480 ஆகக் குறைத்தால் 3,07,200 புள்ளிகளே. புள்ளிகளுக்கான வேலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது!

இந்தச் சிக்கனம் புதிதன்று. 1993இல் 'டூம்' விளையாட்டு வந்தபோது வீட்டுக் கணிப்பொறிகளில் முப்பரிமாண வரைகலை அட்டை கிடையாது. மையச் செயலியே எல்லாவற்றையும் வரைந்தது. ஆகவே கட்டடத்தின் வரைபடத்தை முன்கூட்டியே சிறு பாகங்களாகப் பிரித்து வைத்து, கண்ணுக்கு மறைந்த சுவர்களை வரையாமல் விட்டார்கள். வேறு சில விளையாட்டுகள் தொலைவை மூடுபனியால் மறைத்தன. செஞ்சிச் சாலையில் செல்லும் நமக்குத் தூரத்து மலை வெறும் நீல நிழலாகத்தானே தெரிகிறது? அதுபோலத்தான்.

இரண்டாவது நோய் திறனின்மை. 1996இல் வந்த 'வூடூ' அட்டை புள்ளிகளை வரையும் பொறுப்பை ஏற்றது. 1999இல் 'ஜீபோர்ஸ் 256' வடிவக் கணக்கையும் ஏற்றது. 2001இல் 'ஜீபோர்ஸ் 3', விளையாட்டுக்காரர்கள் எழுதித் தரும் சிறு நிரல்களையே இயக்கியது. புதிய விளையாட்டுகள் இத்திறன்களை எதிர்பார்த்தன. பழைய அட்டைகளில் அவை இல்லை. திரையைச் சுருக்கி இதைத் தீர்க்க முடியாது.

இதற்கும் மருந்து உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு 'ஜி.எம்.ஏ. 950' வரைகலைச் சில்லில் வடிவ முனைகளைக் கணக்கிடும் பகுதி இல்லை. அந்த வேலையை மையச் செயலி மென்பொருள் வழியே செய்து கொடுத்தது. ஆட்டம் மெதுவாகவேனும் ஓடியது.

இதன் வேர் 1936இல் இருக்கிறது. ஒரு பொதுக் கணிப்பொறி, போதிய நினைவகமும் நேரமும் கிடைத்தால், மற்றெந்தக் கணிப்பொறி செய்யும் கணக்கையும் செய்யும் என்று ஆலன் டூரிங் காட்டினார். வேறுபாடு காலத்தில்தான்!

திண்டிவனத்திலிருந்து வந்து படித்த என் மாணவர் ஒருவர், "சார், இது உதவாத பொறி" என்றார். திரை அளவைக் குறைத்தோம்; நிழல்களை நிறுத்தினோம்; ஆட்டம் ஓடியது. மறுநாள் அவர் கேட்ட கேள்வி: "நிழலை எப்படி சார் கணக்கிடுகிறார்கள்?"

உங்கள் பழைய பொறியும் அக்கேள்விக்காகக் காத்திருக்கலாம். திறந்து பாருங்கள்!