முகம் திருத்திய பென்சில்கள்

1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே முகத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தார் என்பது புகைப்பட வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஒன்று கேமரா பிடித்தபடியே இருந்தது. மற்றொன்று நெகட்டிவில் கைவைத்துத் திருத்திய பின் அச்சிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய ஸ்டுடியோக்களுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் இரண்டாவது வகை முகத்தையே கேட்டார்கள்.

இதற்கு வெறும் அழகாசையைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அக்காலத்துக் கொலோடியன் தகடுகள் நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பை உணரவே உணராது. கன்னத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாத செம்மை, அச்சில் கருந்திட்டாகத் தெரியும். லேசான மாநிறப் புள்ளிகள் மை தெளித்தாற்போல் ஆகிவிடும். 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகடு மற்ற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். ஆனாலும் அந்தத் தகடுகள் ஸ்டுடியோக்களில் பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை கேமரா செய்த தவற்றைக் கைதான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கைவேலைக்கென்றே ஒரு மேசை உருவாயிற்று. சாய்வான பலகை, நடுவில் கண்ணாடி பதித்த திறப்பு, அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் ஆடி, பக்கவெளிச்சத்தைத் தடுக்க மேலே ஒரு மறைப்பு. நெகட்டிவைத் திறப்பின் மேல் வைத்து, டம்மர் பிசினை டர்பன்டைனில் கரைத்த திரவத்தை மெல்லத் தேய்ப்பார்கள். வழவழப்பான பரப்பில் பென்சில் பிடிக்க அது உதவும். பென்சில் முனையை உப்புத்தாளில் உருட்டி உருட்டி நீண்ட ஊசியாக்குவார்கள். நெகட்டிவில் நிழல் வெளிச்சம் தலைகீழ் என்பதால், முகத்துச் சுருக்கம் அங்கே தெளிந்த கோடாகத் தெரியும். அந்தத் தெளிந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் சுருக்கம் வெளுத்துச் சுற்றுத் தோலோடு சேர்ந்துவிடும். கோடு இழுத்தால் அச்சில் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் காற்புள்ளி போன்ற, எட்டு போன்ற நுண்ணிய சுழிப்புகளாகவே வேலை நடக்கும். மாறாக, அச்சில் ஓரிடம் கறுக்க வேண்டுமென்றால் நெகட்டிவின் அடர்த்தியைக் கூரிய கத்தியால் சுரண்ட வேண்டும். பென்சிலில் நேர்ந்த தவற்றைத் துடைத்துவிடலாம். சுரண்டியதைத் திரும்பப் போட வழியில்லை.

ஆக இந்தத் தொழிலின் சாரம் விரல் கொடுக்கும் அழுத்தத்தில் இருந்தது. பென்சில் தொட்டதா, உரசியதா, ஊன்றியதா என்பதுதான் முகத்தின் வயதைத் தீர்மானித்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜேம்ஸ் ரைடர், 1860களின் இறுதியில் இதற்காகவே மியூனிக்கிலிருந்து ஒரு கைவினைஞரை வரவழைத்தார். கருவிகளைக் கப்பலில் தருவித்துவிடலாம். கைப்பழக்கம் வேண்டுமென்றால் ஆளே வர வேண்டும். 1931இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் எடுத்த நடிகை ஜோன் கிராஃபோர்டின் படத்தில் திருத்தத்துக்கு முன் முகமெங்கும் புள்ளிகள். திருத்திய பின் பளிங்குபோன்ற தோல். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் கறுப்பு வெள்ளைக் காலம் முடியும்வரை ‘டச்சிங்’ என்ற பெயரில் இதே பென்சில் வேலை நடந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படம் எதுவும் டச்சிங் மேசையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை என்றே சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏர்பிரஷ் சேர்ந்துகொண்டது. அதன் நெம்புகோலை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் மை வரும். எவ்வளவு காற்று, எவ்வளவு மை என்பதை ஒரே விரல் தனித்தனியாக ஆளும். மை படக்கூடாத இடத்தை மெல்லிய தாளை வெட்டி ஒட்டி மறைப்பார்கள். இன்றைய ஃபோட்டோஷாப்பில் ‘ஃப்ளோ’, ‘மாஸ்க்’ என்று இருப்பவற்றுக்கு இந்த மேசைதான் பிறந்த வீடு. இதே ஏர்பிரஷ் சோவியத் ரஷ்யாவில் மனிதர்களையே அழித்தது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற ரகசியப் போலீஸ் தலைவர் நிக்கோலாய் யெஷோவ், 1940இல் கொல்லப்பட்ட பின் அந்தப் படத்தில் நீரலையாக மாறிப்போனார்.

இந்தக் கைவேலையைப் பின்னாளில் கணினிக்குள் கொண்டுபோன பேனா டேப்லெட்டின் கதை இந்த மேசைகளுக்கு வெகு தொலைவில் தொடங்கியது. எலிஷா கிரே 1888இல் காப்புரிமை பெற்ற டெலாடோகிராஃப், பேனாவின் அசைவைக் கம்பிவழி அனுப்பி இன்னோர் ஊரில் அதே கையெழுத்தை எழுதியது. 1964இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இருந்த ராண்ட் நிறுவனத்தில் டேவிஸும் எல்லிஸும் ஒரு பலகையை வெளியிட்டார்கள். சுமார் பத்து அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு நூறு செப்புக் கோடுகள். பேனா நிற்கக்கூடிய இடங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கை மேசையில், கண் திரையில் என்ற பழக்கம் கணினி உலகில் வேரூன்றியது இப்படித்தான். 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்டிலும், 1981இல் பிரிட்டனின் குவான்டெல் வெளியிட்ட பெயின்ட்பாக்ஸிலும் பேனாவே தூரிகை. பெயின்ட்பாக்ஸ் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகளில் இரண்டு நெருக்கிவைக்கப்பட்டதும் இதுபோன்ற விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றில்தான்.

1990இல் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் வந்தபோது திருத்தும் வேலை சாதாரண மேசைக்கு இறங்கி வந்தது. ஆனால் அந்த மேசையில் இருந்தது மவுஸ். மவுஸின் பொத்தானுக்கு இரண்டே நிலைகள்: அழுத்தியது, விட்டது. நூறாண்டுக்கும் மேலாக விரல் நுனியில் சேர்ந்த நுட்பம் அதில் நுழைய இடமில்லை. இந்த இடைவெளியைப் பெரிதும் நிரப்பியது 1983இல் ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் தொடங்கிய வாக்கம் நிறுவனம். அதன் பேனாவில் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. பலகை ஒரு மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அதில் அதிர்ந்து பதில் அலை கொடுக்கும். முனையை அழுத்தினால் அந்தப் பதில் மாறும். அதைப் பலகை படித்துக்கொள்ளும். ஏர்பிரஷ் பழகியவர்களுக்காக விரல் சக்கரம் வைத்த தனிப் பேனாவையும் வாக்கம் செய்து தந்தது.

இன்று டேப்லெட் வாங்கி டிரைவரை நிறுவுகிறவர் முன்னால் வரும் அமைப்புகளில் இந்தப் பழைய கதை முழுவதும் படிந்திருக்கிறது. முதலாவது, பரப்பு. மவுஸ் நகர்ந்த தூரத்தைத்தான் சொல்லும். பேனா இருக்கும் இடத்தையே சொல்லும். பலகையின் இடது மூலை திரையின் இடது மூலை. பலகையும் திரையும் வெவ்வேறு விகிதத்தில் இருந்தால், கை வட்டம் போட, திரையில் முட்டை வடிவம் வரும். 4:3 பலகையை அகலத்திரைக் கணினியில் மாட்டியவர்கள் பட்ட அவதி இது. விகிதத்தைக் காக்கும் தேர்வை டிரைவரில் குறித்துவிட்டால் பலகையின் ஓரத்தில் கொஞ்சம் வீணாகும், ஆனால் கை பொய் சொல்லாது. இரண்டு திரை வைத்திருப்பவர்கள் படம் இருக்கும் திரைக்கு மட்டும் பலகையை ஒதுக்குவது நல்லது.

அடுத்தது அழுத்தம். 1998இல் வந்த வாக்கமின் இன்டுவோஸ் பலகை 1024 படிநிலைகளை உணர்ந்தது. 2009இல் அது 2048 ஆயிற்று, 2017இன் இன்டுவோஸ் புரோவில் 8192. விளம்பரங்கள் இந்த எண்ணையே பெரிதாகப் போடுகின்றன. முகம் திருத்துகிறவருக்கு அதைவிட முக்கியம், பேனா எவ்வளவு லேசான தொடுதலில் விழித்துக்கொள்கிறது என்பதுதான். 2009 மாதிரியில் அது ஒரு கிராம் எடைவரை இறங்கியது பெரிய முன்னேற்றம். டிரைவரில் இருக்கும் அழுத்த வளைவைக் கை கனமானவர்கள் கடினமாகவும் கை லேசானவர்கள் மென்மையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வைத்ததே முடிவு என்று விடாமல், சில படங்கள் முடிந்த பின் மறுபடி பார்ப்பது பலன் தரும். விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வளையம் தோன்றி வலது கிளிக் ஆகும் பழக்கம் உண்டு. மெல்லிய கோடு இழுக்கும் நேரத்தில் அது குறுக்கே வரும் என்பதால் முதலிலேயே அணைத்துவிடுவார்கள்.

அழுத்தத்தை எதனோடு இணைப்பது என்பதில்தான் ஓவியரும் புகைப்படக்காரரும் பிரிகிறார்கள். ஓவியருக்குத் தூரிகையின் பருமன் மாற வேண்டும். புகைப்படம் திருத்துகிறவருக்குப் பருமன் அப்படியே இருக்க, மை மட்டும் கூடிக் குறைய வேண்டும். அதனால் ஃபோட்டோஷாப்பில் அழுத்தத்தை ஃப்ளோவோடு இணைத்து, ஃப்ளோவை மிகக் குறைவாக வைத்து, 50 சதவீதச் சாம்பல் லேயரை ‘சாஃப்ட் லைட்’டில் போட்டு, வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றித் தொடுகிறார்கள். கன்னத்துக் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. பென்சிலும் கத்தியும் பிரிந்து செய்த இரண்டு வேலைகள் இங்கே ஒரே பேனாவுக்கு வந்துவிட்டன; சுரண்டியதையும் இப்போது திரும்பப் போடலாம்.

திரைமேலேயே எழுதும் சின்டிக் போன்ற கருவிகள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2010களில் ஹுயியான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்கள் அவற்றின் விலையையும் இறக்கின. ஓவியர்கள் பலர் அவற்றுக்கு மாறினார்கள். ஆனால் முகம் திருத்துகிறவர்களில் பலர் வெறும் கறுப்புப் பலகையை விடவில்லை. திரைமேல் எழுதும்போது கை முகத்தை மறைக்கிறது. பலகையில் எழுதும்போது முகம் முழுவதும் கண்முன் இருக்கிறது. நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல மானிட்டரைத் தனியாக வாங்கிக்கொள்ளவும் அதில் வழியிருக்கிறது. அவர்கள் வாங்குவது பெரும்பாலும் நடுத்தர அளவுப் பலகையே. சிறியதில் மணிக்கட்டு மட்டும் அசையும், கோடு இறுகிப்போகும். பெரியதில் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஒவ்வொரு முறையும் தோளே நகர வேண்டும், நாள் முழுக்கக் கல்யாண ஆல்பம் திருத்துகிற கைக்கு அது தாங்காது.